கேட்டதையும் கேட்காததையும் எழுதி வைப்பவர்கள்

ஹாம் வானொலி என்றதும் நம்மில் பலருக்குப் பேரிடர்தான் நினைவுக்கு வரும். புயலில் செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்ட ராத்திரியில், ஒரு பேட்டரியையும் நீளக் கம்பியையும் வைத்துக்கொண்டு செய்தி அனுப்பும் அமெச்சூர் வானொலிக்காரர்கள், அதாவது ஹாம்கள். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து அவர்கள் செய்த வேலையைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இந்தப் பதிவு அவர்கள் செய்யும் இன்னொரு வேலையைப் பற்றியது. பேரிடர் எதுவும் இல்லாத சாதாரண நாளில், தூங்கும் நேரத்திலும்கூட ரிசீவரைத் திறந்து வைத்திருப்பார்கள். எந்த சிக்னல் எந்த நிமிடத்தில், எங்கிருந்து, எவ்வளவு பலத்தில் வந்தது என்று பதிவாகிக்கொண்டே இருக்கும். அந்தப் பதிவை அப்படியே பொதுவில் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் வேலை. ஆனால் நம் தலைக்கு மேலே விரிந்திருக்கும் அயனி மண்டலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் சிலவற்றுக்கு அடிப்படையே இப்படி வீடு வீடாகச் சேர்ந்த தரவுதான். நான் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லாந்து பக்கம் இருக்கிறேன். இந்த வேலையில் எனக்கும் சின்னதாக ஒரு பங்கு இருப்பதால், உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

மேலே என்ன இருக்கிறது?

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் வளிமண்டலத்தின் மேற்பகுதியில் இருக்கும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுத்துவிடுகின்றன. ஏறக்குறைய 60 கி.மீ. உயரத்தில் தொடங்கி, சில நூறு கி.மீ. வரை இப்படி எலக்ட்ரான்கள் அலையும் பகுதிதான் அயனி மண்டலம். சிற்றலைகள் அதில் வளைந்து மறுபடி தரைக்கு வருகின்றன. கடல் தாண்டிப் பேச முடிவது அதனால்தான்.

இதில் அடுக்குகள் உண்டு. மேலே இருக்கும் எஃப் அடுக்கு அலையைத் தூரத்துக்குத் திருப்பி விடும். அடியில் இருக்கும் டி அடுக்கு, குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் டி அடுக்கு கரைந்துபோகும். பகலில் கேட்காத தூரத்து மத்திய அலை நிலையங்கள் ராத்திரியில் தெளிவாகக் கேட்பது இதனால்தான். டிரான்சிஸ்டர் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்த மண்டலம் நிலையாக இருப்பதில்லை. சூரியனில் ஒரு வெடிப்பு நேர்ந்தால் பகல் பக்கத்தில் சிற்றலைத் தொடர்பு சில நிமிடங்களில் அறுந்துவிடும். கடலுக்கு மேல் பறக்கும் விமானங்களின் சிற்றலைப் பேச்சும், ஜி.பி.எஸ். துல்லியமும் இதன் நிலையைப் பொறுத்தவை. அதனால் இதை ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. அதற்கென்றே அயனோசோண்ட் என்ற கருவிகளும் ராடார்களும் இருக்கின்றன. ஆனால் விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் நடுவே நூற்றுக்கணக்கான கி.மீ. தூரத்துக்கு எதுவும் இருக்காது. ஹாம்களோ அந்த இடைவெளிகளில்தான் குடியிருக்கிறார்கள்.

ஒரு வரித் தகவல்

என் மேசையில் ஒரு சின்னத் திரை உண்டு. கரிய நீலப் பின்னணி மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதில் அவ்வப்போது மயிரிழை போல வெளிறிய கோடு ஒன்று தென்படும். காதில் ஹெட்போனை மாட்டிக் கேட்டால் வெறும் இரைச்சல்தான். ஆனால் ஒவ்வொரு இரட்டைப்படை நிமிடத்திலும் தொடங்கி ஏறக்குறைய 110 நொடி நீடிக்கும் அந்தக் கோட்டைக் கணினி பிரித்துப் படித்து ஒரு வரியாக எழுதிவிடும்: நேரம், பலம், அதிர்வெண், அனுப்பியவரின் அழைப்புக்குறி, உலக வரைபடத்தில் அவர் இருக்கும் கட்டத்தின் குறியீடு, அவர் பயன்படுத்திய சக்தி.

இந்த முறைக்குப் பெயர் விஸ்பர். 2008ல் இதை வெளியிட்டவர் ஜோ டெய்லர். ஓர் இரட்டை விண்மீன் அமைப்பில் சுற்றும் பல்சாரைக் கண்டுபிடித்ததற்காக 1993ல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். அவரே ஒரு ஹாம். இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் சிக்னலைத் தோண்டி எடுப்பதில் வாழ்நாளெல்லாம் பழகிய கை. அந்தத் திறமையை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளாக்கிக் கொடுத்தார்.

பலம் என்ற இடத்தில் பெரும்பாலும் மைனஸ் 24 டெசிபெல் மாதிரி ஒரு எண் இருக்கும். இரைச்சலைவிட சிக்னல் 250 மடங்கு தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். அனுப்புகிறவர் செலவழிக்கும் சக்தியோ பல நேரங்களில் 0.2 வாட்தான். 40 வாட் டியூப் லைட்டில் 200ல் ஒரு பங்கு. அது அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து என் திரையில் ஒரு வரியாக நிற்கும்போது, நடுவானத்தின் அந்த நேரத்து நிலைமை ஒரு எண்ணாக என் கைக்கு வந்துவிடுகிறது. வந்த வரி அடுத்த சில நொடிகளில் பொதுத் தரவுத்தளத்துக்குப் போய்விடும்.

மோர்ஸ் சிக்னல்களைத் தானாகப் படித்துப் பதியும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க், டிஜிட்டல் முறைகளைப் பதியும் பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்று இன்னும் இரண்டு வலையமைப்புகள் இருக்கின்றன. மூன்றும் ஹாம்கள் தங்கள் ஆண்டெனா சரியாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ள உதவுபவை. இந்தப் பதிவுகளுக்குள் அயனி மண்டலமே பதிவாகிக்கொண்டிருப்பதைக் கண்டு, அதை முறையான ஆராய்ச்சியாக்கியவர்களில் முக்கியமானவர் நத்தானியேல் ஃபிரிசல். பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர், அவரும் ஹாம். அவர் தொடங்கிய அமைப்புதான் ஹாம்சை. பேராசிரியர்களும், ஓய்வுபெற்ற எஞ்சினியர்களும், கல்லூரி மாணவர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து ஒரே வரைபடத்தைப் பார்த்து வாதிடும் இடம் அது.

2017 கிரகணம்

2017 ஆகஸ்ட் 21 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் ஒரிகானிலிருந்து தென் கரோலினா வரை அமெரிக்காவைக் குறுக்கே கடந்தது. பகல் நடுவே ராத்திரியை உண்டாக்கி அயனி மண்டலம் என்ன செய்கிறது என்று பார்க்க ஆய்வகத்தில் வழி கிடையாது. கிரகணம்தான் அந்த வாய்ப்பைத் தரும். ஹாம்சை அன்றைக்கு ஒரு போட்டியை அறிவித்தது: கிரகண நேரத்தில் முடிந்தவரை பலரோடு தொடர்பு கொள்ளுங்கள், ரிசீவர்கள் பதியட்டும்.

14 மெகாஹெர்ட்ஸில் தொடர்புகள் சரிந்தன. 1.8, 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளிலோ பகலில் எட்டாத தூரங்கள் எட்டின. 14ல் கிரகணத்தின் உச்சத்துக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பாதிப்பு தெரிந்தது. 3.5லும் 7லும் முக்கால் மணி நேரம். 1.8ல் அதைவிடக் குறைவு. அடுத்த ஆண்டே இது ஆராய்ச்சி இதழில் கட்டுரையாக வந்தது. ஹாம்கள் தாங்களே நடத்தும் உலகளாவிய வலையமைப்பின் அளவீடுகளை வைத்துக் கிரகணத்தின் அயனி மண்டல விளைவை ஆராய்ந்தது அதுதான் முதல் முறை.

இங்கே ஒரு கேள்வி எழும். எனக்கும் எழுந்தது. 14 மெகாஹெர்ட்ஸில் எண்ணிக்கை சரிந்தது அயனி மண்டலத்தாலா, அல்லது ஹாம்கள் எல்லோரும் மைக்கைப் போட்டுவிட்டுக் கிரகணம் பார்க்க வெளியே போய்விட்டதாலா? இந்தத் தரவில் உள்ள அடிப்படைச் சிக்கலே இதுதான். ராடார் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மனிதர்கள் சாப்பிடப் போவார்கள், தூங்குவார்கள், வார இறுதியில் போட்டி என்றால் ஆயிரக்கணக்கில் திரள்வார்கள். பதிவு இல்லை என்பதாலேயே பாதை இல்லை என்று சொல்லிவிட முடியாது.

விடையையும் தரவிலேயே தேடினார்கள். எல்லோரும் வெளியே போயிருந்தால் எல்லாப் பட்டைகளும் சேர்ந்து சரிந்திருக்க வேண்டும். ஆனால் 14 சரிந்த அதே வேளையில் 3.5ம் 7ம் உயிர் பெற்றன. அதோடு, கிரகணத்தின்போது எலக்ட்ரான் அடர்த்தி எப்படி மாறும் என்று கணிக்கும் சாமி3 என்ற கணினி மாதிரியை எடுத்து, அதில் அலைகளைச் செலுத்திப் பார்த்தார்கள். மாதிரி சொன்னதும் ஹாம்கள் பதிந்ததும் ஒத்துப்போயின.

"ஒண்ணும் கேக்கலன்னா?"

திருநெல்வேலியிலிருந்து என் மாமா போனில் பேசும்போது இதைத்தான் கேட்டார். "ஏடே, கேட்டத எழுதி வைக்க சரி. ஒண்ணுமே கேக்கலன்னா அத எதுக்குடே எழுதணும்?"

"எனக்கு மட்டும் கேக்கலன்னா ஒண்ணுமில்ல மாமா. என் கம்பி அறுந்திருக்கும். ஐநூறு பேருக்கு ஒரே நிமிஷத்துல கேக்காமப் போச்சுன்னா, அது மேல நடந்த விஷயம்."

"அப்போ அந்த ஐநூறு பேரும் அந்நேரத்துக்கு முழிச்சிருக்கணுமே?"

"ஆள் முழிச்சிருக்க வேண்டாம் மாமா. ரேடியோ முழிச்சிருந்தாப் போதும்."

மாமா கேட்ட கேள்வியில்தான் இந்த முயற்சியின் சாரமே இருக்கிறது. ஒரு சிக்னல் வரவில்லை என்பது தகவலாக வேண்டுமானால், அந்த நேரத்தில் ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். அதனால்தான் சுவாரசியமான நாளில் மட்டும் ரிசீவரைப் போடுகிறவரைவிட, எதுவும் நடக்காத நாட்களிலும் அணைக்காமல் விடுகிறவர் அறிவியலுக்கு அதிகம் உதவுகிறார். கிரகண நாளை எடைபோட, முந்தைய நாளும் மறுநாளும் எப்படி இருந்தன என்று தெரிய வேண்டும். அந்தச் சாதாரண நாட்களின் தரவுக்குத் தனி மதிப்பு உண்டு.

நூறு ஆண்டுப் பழக்கம்

இது புதிதாக முளைத்த ஆர்வம் இல்லை. 200 மீட்டரும் அதற்குக் கீழும் உள்ள அலைநீளங்கள் உருப்படாதவை என்று நினைத்து, 1912 சட்டத்தின் மூலம் அமெரிக்க ஹாம்களை அங்கே ஒதுக்கி வைத்தார்கள். 1921 டிசம்பரில் பால் காட்லி என்பவரை அமெரிக்க ஹாம்கள் தங்கள் செலவில் ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஆர்ட்ராசன் கடற்கரையில் குளிரில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து ஹாம்கள் அனுப்பிய சிக்னல்களை நேரத்தோடு குறித்துக்கொண்டார் அவர். ஒதுக்கப்பட்ட அலைகளின் திறன் அப்படித்தான் வெளியே தெரிய வந்தது. அயனி மண்டலம் இருப்பதை எட்வர்ட் ஆப்பிள்டன் சோதனையால் நிறுவியது 1924ல். 1925 ஜனவரி 24 கிரகணத்தின்போது சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை, வானொலி கேட்பவர்களைக் குறிப்பெடுத்து அனுப்பச் சொல்லி ஒரு சோதனையே நடத்தியது. அன்று காகிதத்தில் எழுதி அனுப்பினார்கள். இன்று கணினி எழுதி அனுப்புகிறது.

அயோவா வானத்தைப் பார்க்கும் கிளீவ்லாந்து ரிசீவர்

விஸ்பர் பதிவுகள் தொடர்பு இருந்ததா, எவ்வளவு பலம் என்று சொல்லும். அடுத்த கட்டமாக ஹாம்சை வடிவமைத்தது கிரேப் என்ற சின்ன ரிசீவர். கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் அருகே டபிள்யூடபிள்யூவி என்ற அரசு நேர நிலையம் இருக்கிறது. அணுக் கடிகாரத்தை வைத்து 2.5, 5, 10, 15, 20 மெகாஹெர்ட்ஸில் நாள் முழுக்க ஒலிபரப்பும். அங்கிருந்து கிளம்பும் 10 மெகாஹெர்ட்ஸ் அலை அச்சுப் பிசகாமல் 10 மெகாஹெர்ட்ஸ்தான். நம்மிடம் வந்து சேரும்போது அது கொஞ்சம் விலகியிருந்தால், அந்த விலகல் வழியில் ஏற்பட்டது. கிரேப் அளப்பது இந்த விலகலைத்தான்.

கணக்கு எளிது. 10 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 30 மீட்டர். வந்த அதிர்வெண் அரை ஹெர்ட்ஸ் குறைந்திருந்தால், அலை கடந்து வரும் பாதை நொடிக்கு 15 மீட்டர் வீதம் நீண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். அதாவது மேலே அலையைத் திருப்பும் அடுக்கு உயர்ந்துகொண்டிருக்கிறது. விடியற்காலையில் அது இறங்கும், அதிர்வெண் கூடும். மாலையில் ஏறும், அதிர்வெண் குறையும். சாதாரண ரேடியோவின் படிகம் 10 மெகாஹெர்ட்ஸில் தானே சில ஹெர்ட்ஸ் அலைபாயும் என்பதால், இந்த ரிசீவருக்கு ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆஸிலேட்டர் தேவை. சர்க்யூட் பலகை, அந்த ஆஸிலேட்டர், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, கொல்லையில் ஒரு கம்பி. இவ்வளவுதான் கருவி.

2024 ஏப்ரல் 8 அன்று முழுக் கிரகணம் கிளீவ்லாந்து மேலேயே போனது. பிற்பகல் 3:13க்கு இருட்டியது, நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. தெருவே வெளியில் நின்றது. நானும் நின்றேன். உள்ளே ரிசீவர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

சாயங்காலம் வரைபடத்தைத் திறந்து பார்த்தபோது, ஒரு விடியலும் ஒரு மாலையும் வரிசை மாறி நடுப்பகலில் புகுந்தது போலக் கோடு ஓடியிருந்தது. சந்திரன் சூரியனை மறைக்க மறைக்கச் சுழிக்குக் கீழே இறங்கி, விலக விலகச் சுழிக்கு மேலே ஏறியிருந்தது. ஆனால் அந்தக் கோட்டின் நேரத்தை கிளீவ்லாந்தின் கிரகண நேரத்தோடு ஒப்பிடக் கூடாது. ஃபோர்ட் காலின்ஸிலிருந்து இங்கே சுமார் 1,950 கி.மீ. ஒரே தாவலில் வரும் அலை நடுவழியில்தான் மேலே போய்த் திரும்புகிறது. அந்த நடுவழி அயோவா மாநிலத்தில், டெ மாய்ன் நகரத்துக்குப் பக்கத்தில். அங்கே கிரகணம் முழுமையானதல்ல. உச்சமும் எங்களுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டது. ஆக, என் வீட்டு ரிசீவர் அளந்தது என் தலைக்கு மேலே இருந்த வானத்தை அல்ல. டெக்சஸில் ஒருவர், மெய்னில் ஒருவர், விஸ்கான்சினில் ஒருவர் அதே நிலையத்தைக் கேட்டால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்து வானத்தை அளக்கிறார்கள். எல்லாக் கோடுகளையும் சேர்த்து வைத்தால்தான் நிழல் நகர்வது தெரியும். கருவி ஒன்றுதான், அதன் துண்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

இந்த நேர நிலையத்தையே மூடிவிடலாம் என்று 2018ல் ஒரு பட்ஜெட் யோசனை வந்தது. ஹாம்கள் திரண்டு எதிர்த்தார்கள். நிலையம் தொடர்கிறது. 2021 நவம்பரிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்திலும் 8ஆவது நிமிடத்தில், ஹாம்சை குழு உருவாக்கிய சோதனை ஒலி ஒன்றையும் ஒலிபரப்புகிறது.

சேர்ப்பது பாதி, சலிப்பது மீதி

தரவு குவிந்தால் மட்டும் போதாது. விஸ்பர் பதிவுகளில் போலி வரிகள் உண்டு. இரைச்சலை சிக்னல் என்று கணினி தவறாகப் படித்து, இல்லாத அழைப்புக்குறியை நடுக்கடலில் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கும். சிலரின் கணினிக் கடிகாரம் தப்பாக ஓடும். சிலர் வீடு மாறியிருப்பார்கள், கட்டக் குறியீட்டை மாற்றியிருக்க மாட்டார்கள். சக்தி 5 வாட் என்று போட்டிருக்கும், உண்மையில் வேறாக இருக்கும். இதையெல்லாம் சலித்தெடுக்கும் வேலையில் தன்னார்வலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பைத்தானில் நிரல் எழுதுபவர்கள் உண்டு. நிரல் தெரியாமல், ஒவ்வொரு நாளின் வரைபடத்தையும் கண்ணால் பார்த்து "இங்கே ஏதோ இருக்கிறது" என்று குறித்து வைப்பவர்களும் உண்டு. அயனி மண்டலத்தைக் கணினியில் படித்த மாணவருக்குத் தெரியாத ஒன்று, பல ஆண்டுகள் அலைவரிசையைக் காதால் கேட்டவருக்குத் தெரிந்திருக்கும்.

அப்படிச் சலித்தெடுப்பதன் பயனை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். 14 மெகாஹெர்ட்ஸில் மிக அருகில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். அலை அவர்களைத் தாண்டிப் போய்விடும். அந்தத் தாண்டும் தூரம் எவ்வளவு என்று நேரத்தோடு குறித்தால் ஒரு விளிம்பு கிடைக்கும். 2017 நவம்பர் 3 அன்று வட அமெரிக்கப் பதிவுகள் எல்லாவற்றையும் அப்படிக் குறித்தபோது, விளிம்பு ஏறி இறங்கி ஏறியது. சுமார் இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு அலை. அயனி மண்டலத்திலேயே ஆயிரம் கி.மீ.க்கும் மேல் நீளமுள்ள ஓர் அலை நகர்ந்து போயிருக்கிறது. ராடார்களும் ஜி.பி.எஸ். அளவீடுகளும் அதையே காட்டின. 2022ல் அது கட்டுரையாக வந்தது. அன்று பேசிக்கொண்டிருந்த எந்த ஹாமும் அலையை அளக்க உட்காரவில்லை. அவரவர் தொடர்பை அவரவர் நேர்மையாகப் பதிந்திருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

நம் பக்கத்து வானம்

பதிவுகளை உலக வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் வட அமெரிக்காவும் ஐரோப்பாவும் புள்ளிகளால் நிறைந்திருக்கும். இந்தியாவும் இலங்கையும் மிகவும் வெறிச்சென்று இருக்கும். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையைத் தொட்டுப் போகிறது. 1963ல் தும்பாவில் முதல் ராக்கெட்டை விட்டதற்கு அதுவே காரணம். திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். காந்த நடுக்கோட்டுக்கு மேலே அயனி மண்டலம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பொழுது சாய்ந்தபின் அங்கே எலக்ட்ரான் அடர்த்தி குறைந்த குமிழிகள் எழும்பி, சிக்னல்களைக் கலைக்கும். ஒஹாயோவில் எத்தனை ரிசீவர் வைத்தாலும் அதைப் பார்க்க முடியாது.

2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் கோவை, திண்டுக்கல், யாழ்ப்பாணம் வழியாகப் போனது. இந்தப் பகுதிக்கு அடுத்த கங்கண கிரகணம் 2031 மே 21 அன்று கேரளம், தமிழ்நாடு, இலங்கையின் வடபகுதி வழியாக வருகிறது. அதற்கு நேரம் இருக்கிறது. ஹாம் உரிமம் இருப்பவர்கள் விஸ்பரை இன்றைக்கே தொடங்கலாம். அமெரிக்காவில் கேட்பதற்கு மட்டும் உரிமம் தேவையில்லை. உங்கள் ஊர் விதி என்ன என்று பக்கத்தில் உள்ள ஹாம் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யு.எஸ்.பி.யில் செருகும், மென்பொருளால் இயங்கும் எஸ்டிஆர் ரிசீவர், மொட்டை மாடியில் கொஞ்சம் கம்பி, நேரம் சரியாக ஓடும் ஒரு கணினி, இவ்வளவு போதும். சீனாவின் பிபிஎம் நேர நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. கிரேப் மாதிரியான வேலைக்கு நம் பக்கத்தில் அது உதவும். பொறியியல் கல்லூரி ஒன்று மனது வைத்தால், மாணவர்களுக்கு ஆண்டெனா கட்டுவதிலிருந்து தரவைச் சலிப்பது வரை ஒரே பாடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இரண்டே வேண்டுகோள்கள். கடிகாரத்தையும் இருப்பிடக் குறியீட்டையும் சரியாக வையுங்கள். போட்ட ரிசீவரை அணைக்காதீர்கள். 2031 மே 21 அன்று என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால், மே 20 அன்றும், அதற்கு முந்தைய ஆண்டின் அதே நாளிலும் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று யாராவது பதிந்து வைத்திருக்க வேண்டும்.